கிறிஸ்துமஸ் பீஃப் ரோஸ்ட்: இறைச்சி நன்றாக வந்தது, சாஸுக்குச் சட்டியில் ஒன்றுமே இல்லை

செண்பகம் (ஸ்காபரோ), டிசம்பர் 8

எல்லோருக்கும் வணக்கம். போன கிறிஸ்துமஸுக்கு முதல் தடவையாகப் பிரைம் ரிப் (மாட்டின் விலாப் பகுதித் துண்டு) செய்தேன். மூன்று எலும்பு வைத்த துண்டு, மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் மேல், சாப்பிட எட்டுப் பேர். இரண்டு நாள் முன்னமே உப்புத் தடவி, மூடாமல் ஃபிரிட்ஜில் வைத்தேன். 250 ஃபாரன்ஹீட்டில் (120 செல்சியஸ்) மெதுவாக வேகவிட்டு, நடுவில் 122 ஃபாரன்ஹீட் (50 செல்சியஸ்) காட்டியதும் வெளியே எடுத்தேன். அரை மணி நேரம் ஆறவிட்டு, கடைசியில் 500-ல் எட்டு நிமிடம் வைத்து மேற்புறத்தைச் சிவக்க விட்டேன். இறைச்சியில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஓரத்திலிருந்து ஓரம் வரை ஒரே இளஞ்சிவப்பு.

பிரச்சினை சாஸில்தான். தட்டைத் தூக்கிப் பார்த்தால் இரண்டு கரண்டி தெளிந்த கொழுப்பு மட்டும். சுரண்டி எடுக்க அடியில் எதுவும் பிடித்திருக்கவில்லை. வேறு வழியில்லாமல் கடையில் வாங்கிய பெட்டி ஸ்டாக்கையும் (எலும்பு வேகவைத்த சாறு) அரைப் போத்தல் சிவப்பு வைனையும் ஊற்றி வற்றவைத்தேன். ஊதா நிறத்தில், தண்ணீர் மாதிரி, வாயில் வைக்க முடியாத உப்போடு வந்தது. எல்லோரும் இறைச்சியைச் சாப்பிட்டார்கள், சாஸ் கிண்ணம் நிறைந்தபடியே திரும்பி வந்தது. மனதுக்கு மிகவும் கஷ்டமாகப் போய்விட்டது.

இந்த வருடமும் நான்தான் செய்கிறேன். சாஸை எப்படிச் சரிபண்ணுவது? இன்னொன்று, மாமாவும் மாமியும் உள்ளே சிவப்பாக இருந்தால் தொட மாட்டார்கள். அவர்களுக்காக முழுத் துண்டையும் கூட வேகவைக்க மனம் வரவில்லை.


தேம்ஸ்கரை (ஹாரோ, லண்டன்), டிசம்பர் 8

செண்பகம், நான் இங்கே வருஷா வருஷம் செய்வது ஃபோர் ரிப். நீங்கள் சொல்லும் அதே இடத்து இறைச்சிதான், பெயர் மட்டும் வேறு. ஆனால் என் முறை பழைய முறை. முதலில் 220 செல்சியஸில் 25 நிமிடம், அப்புறம் 160-க்கு இறக்கிவிடுவேன். துண்டுக்கு அடியில் பாதியாக வெட்டிய வெங்காயம், கேரட், செலரி பரப்பிவிடுவேன். சொட்டும் கொழுப்பும் சாறும் அந்தக் காய்கள் மேல் விழுந்து சிவந்து பிடிக்கும். அதில் இரண்டு மேசைக்கரண்டி கொழுப்பை மட்டும் வைத்துக்கொண்டு, அதே அளவு மைதா போட்டு வறுத்து, அரை லிட்டர் ஸ்டாக் ஊற்றினால் கிரேவி தயார். மீதிக் கொழுப்பு யார்க்‌ஷைர் புட்டிங்குக்கு.

உங்கள் முறையில் இறைச்சி அழகாக வரும், ஒப்புக்கொள்கிறேன். என்னுடையதில் ஓரமாக ஒரு விரல் அகலத்துக்குச் சாம்பல் நிற வளையம் விழும். ஆனால் எங்கள் வீட்டில் கிரேவி இல்லாத ரோஸ்ட் சாப்பாட்டில் சேர்த்தியே இல்லை. அதனால் அந்த வளையத்தைப் பொறுத்துக்கொள்கிறேன்.


எடிசன்வாசி (நியூ ஜெர்சி), டிசம்பர் 8

முதலில் நல்ல சூட்டில் வறுத்தால்தான் சாறு உள்ளேயே பூட்டிக்கொள்ளும் என்று படித்திருக்கிறேன். கடைசியில் வறுப்பது தலைகீழ் வேலையாகத் தெரிகிறது. நான் 500 ஃபாரன்ஹீட்டில் பவுண்டுக்கு ஐந்து நிமிடம் வைத்து, அப்புறம் ஓவனை அணைத்துவிட்டு இரண்டு மணி நேரம் கதவையே திறக்காமல் விடுவேன். நன்றாகவே வருகிறது.


இரும்புச்சட்டி (மிசிசாகா), டிசம்பர் 9

தங்கச்சி செண்பகம், நான் 1989-ல் ரொறன்ரோ வந்து, கோப்பை கழுவும் வேலையில் தொடங்கி, பதினேழு வருடம் ரெஸ்டோரண்ட் சமையலறைகளில் நின்றவன். அப்போது அந்த நகரத்தின் பல சமையலறைகளில் எங்கட பொடியன்கள்தான் நின்றார்கள். ரோஸ்டும் ஜூவும் (இறைச்சிச் சாற்றில் செய்யும் சாஸ்) தினம் செய்த வேலை. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

உங்கள் தட்டில் ஒன்றும் இல்லாமல் போனது உங்கள் பிழை இல்லை. நீங்கள் இறைச்சியைச் சரியாகச் செய்ததால் வந்த விளைவு அது. இறைச்சி சிவந்து மணப்பதற்கு மையார் வினை என்று பெயர், 1912-ல் அதைப் பற்றி எழுதிய பிரெஞ்சு வேதியியலாளரின் பெயர். அது 140 செல்சியஸைத் தாண்டினால்தான் வேகம் பிடிக்கும். உங்கள் ஓவன் 120-ல் இருந்தது. அந்தச் சூட்டில் தசைநார் அதிகம் இறுகாது, சாறும் அதிகம் சொட்டாது. சொட்டிய கொஞ்சமும் தட்டில் சிவந்து பிடிக்கச் சூடு போதாது. தட்டில் காணாத சாறெல்லாம் இறைச்சிக்குள்ளேயே இருக்கிறது. கடைசி எட்டு நிமிடத்தில் சொட்டுவது கொழுப்பு மட்டும்தான்.

ஆகவே மெதுவாக வேகவிடும் முறையில் ரோஸ்ட் தட்டிடம் சாஸ் கேட்காதீர்கள். சாஸ் தனி வேலை, அதை முதல் நாளே முடித்துவிட வேண்டும்.

ஊரில் இறைச்சிக் கறி வைத்த சட்டியில் கடைசியாகச் சோற்றைப் போட்டுப் பிரட்டிச் சாப்பிடுவோமே, அந்த ருசி எங்கிருந்து வருகிறது? அடியில் ஒட்டிய காந்தலில் இருந்து. பிரெஞ்சு சமையல்காரர் அதை ஃபாண்ட் என்பார், சோற்றுக்குப் பதிலாக வைனை ஊற்றிச் சுரண்டுவார். வித்தியாசம் அவ்வளவுதான். அந்தக் காந்தலை நீங்கள் வேறொரு சட்டியில் உண்டாக்க வேண்டும்.

ஒரு கிலோ மாட்டு வால் துண்டுகள் வாங்குங்கள். விலை கூடுதலாகத் தெரிந்தால் கழுத்தெலும்பு போதும், சதை கொஞ்சம் ஒட்டியிருக்க வேண்டும். ஈரத்தைத் துடைத்துவிட்டு, அடி கனமான இரும்பு அல்லது எவர்சில்வர் சட்டியில் சிறிது எண்ணெய் விட்டு வையுங்கள். நான்-ஸ்டிக் வேண்டாம், அதில் எதுவும் பிடிக்காது. துண்டுகளை நெருக்கிப் போடாதீர்கள், தண்ணீர் விட்டு அவியத் தொடங்கிவிடும். ஒரு பக்கம் நன்றாகச் சிவக்கும் வரை தொடவே வேண்டாம். சிவந்தால் துண்டு தானாகவே சட்டியை விடும். எல்லாப் பக்கமும் சிவக்க இருபது, இருபத்தைந்து நிமிடம் ஆகும். அவசரப்பட்டால் சாஸே இல்லை.

துண்டுகளை எடுத்துவிட்டு, அதே சட்டியில் ஒரு வெங்காயம், ஒரு கேரட், ஒரு செலரித் தண்டு, நாலு பல் உள்ளி. அவை சிவந்ததும் ஒரு மேசைக்கரண்டி தக்காளிப் பேஸ்ட் போட்டு, அது செங்கல் நிறத்திலிருந்து துரு நிறத்துக்கு மாறும் வரை வதக்குங்கள். இந்த நேரத்தில் மூக்கைச் சட்டிக்கு நேரே கொண்டுபோங்கள். வறுத்த கோப்பிக்கொட்டை மாதிரி மணந்தால் காந்தல், புகையும் கசப்பும் மணந்தால் கருகல். கருகிவிட்டால் வெங்காயத்தைத் தூக்கிப்போட்டு, சட்டியைக் கழுவி, சிவந்த எலும்புகளோடு மறுபடி தொடங்குங்கள். கருகலில் செய்த சாஸை எந்த வெண்ணெயும் காப்பாற்றாது.

இப்போது இரண்டு கப் இனிப்பில்லாத சிவப்பு வைன். மரக்கரண்டியால் அடியைச் சுரண்டுங்கள். பாதிக்கும் கீழே வற்ற வேண்டும், பச்சை வைன் மணம் போக வேண்டும். அதற்குப் பிறகுதான் ஸ்டாக். போன வருடம் இரண்டையும் ஒன்றாக ஊற்றினீர்கள் போலிருக்கிறது, ஊதா நிறம் அதனால்தான். ஸ்டாக் ஒன்றரை லிட்டர், கட்டாயம் உப்புக் குறைந்தது. சாதாரண பெட்டி ஸ்டாக்கை நாலில் ஒன்றாக வற்றவைத்தால் உப்பு நாலு மடங்கு செறியும், வேறு எப்படி இருக்கும்? எலும்பைத் திரும்பப் போட்டு, இரண்டு பே இலை, கொஞ்சம் தைம், பத்து மிளகு. சின்னத் தீயில் மூன்று மணி நேரம், ஒரு குமிழி இரண்டு குமிழி வந்தால் போதும். வடிகட்டி ஃபிரிட்ஜில் வையுங்கள். காலையில் மேலே கொழுப்பு வெள்ளைத் தகடாக உறைந்திருக்கும், அதை எடுத்துவிடுங்கள். கீழே உள்ளது ஜெல்லி மாதிரி ஆட வேண்டும். எலும்பிலும் சவ்விலும் இருந்து கரைந்து வந்த ஜெலட்டின் அது. உதட்டில் ஒட்டுகிற அந்தக் கனம் பெட்டி ஸ்டாக்கில் கிடைக்காது.

சாப்பாட்டு நேரத்தில் அதை இரண்டு கப்பாக வற்றவையுங்கள். கரண்டியின் முதுகில் விரலால் ஒரு கோடு இழுத்தால் கோடு மூடாமல் நிற்க வேண்டும். அடுப்பை அணைத்துவிட்டு, குளிர்ந்த வெண்ணெய் 50 கிராம், சின்னத் துண்டுகளாக ஒவ்வொன்றாகப் போட்டுச் சட்டியைச் சுழற்றுங்கள். அதற்குப் பிறகு கொதிக்க விடவே கூடாது. சொதிக்கு முதற்பால் விட்ட பிறகு கொதிக்கவிட்டால் திரைந்துபோகும் இல்லையா, அதே கதைதான். உப்பைக் கடைசியில் பாருங்கள்.

எடிசன் தம்பிக்கு: சாறு பூட்டிக்கொள்ளும் என்பது 1840-களில் ஜெர்மன் வேதியியலாளர் லீபிக் எழுதியதிலிருந்து பரவிய எண்ணம், உண்மையில்லை. சிவந்த இறைச்சி சட்டியில் 'சுர்' என்று சத்தம் போட்டுக்கொண்டே இருக்கிறதே, அது சாறு வெளியே வரும் சத்தம்தான். சிவக்க வைப்பது ருசிக்காக.


எடிசன்வாசி, டிசம்பர் 9

சரி அண்ணா, அந்தச் சத்தத்தை யோசிக்கவே இல்லை. நான் போன மாதம்தான் வீடு மாறினேன், புது ஓவன். அணைத்துவிட்டு விடும் முறை அதில் சரியாக வருமா?


இரும்புச்சட்டி, டிசம்பர் 9

ஒருமுறை வெறும் ஓவனைச் சூடாக்கி அணைத்துப் பாருங்கள். அணைத்த பிறகும் விசிறி ஓடிச் சூட்டை வெளியே தள்ளினால் அந்த முறையை விட்டுவிடுங்கள். இரண்டு மணி நேரம் கழித்துத்தான் உள்ளே வேகவில்லை என்று தெரியும், அப்போது விருந்தினர் வந்திருப்பார்கள்.


காயல்நிலா (பர்மிங்காம்), டிசம்பர் 10

அஸ்ஸலாமு அலைக்கும். எங்களுக்குக் கிறிஸ்துமஸ் இல்லை. ஆனால் அந்த வாரம் எல்லோருக்கும் விடுமுறை என்பதால் குடும்பமே எங்கள் வீட்டில்தான் கூடும், ஹலால் கடையில் சொல்லிவைத்து ஃபோர் ரிப் எடுப்பேன். வைன் போடாமல் சாஸ் செய்பவர்களுக்காக எழுதுகிறேன். கொதித்தால் மது முழுவதும் ஆவியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள், அது சரியில்லை. ஒரு பங்கு எப்படியும் தங்கும்.

வைன் தருவது புளிப்பும் கொஞ்சம் பழ இனிப்பும். நான் வெங்காயத்தைத் தாராளமாக, ஐந்தாறு எடுத்து, முக்கால் மணி நேரம் சின்னத் தீயில் வதக்குவேன். தேன் நிறம் தாண்டி வெல்ல நிறம் வரும், இனிப்பு அதிலேயே வந்துவிடும். காந்தலைத் தண்ணீர் ஊற்றியே சுரண்டலாம். கடைசியில், வெண்ணெய் போடும் முன், ஒரு தேக்கரண்டி கெட்டிப் புளிக்கரைசல். ஒரு தேக்கரண்டிதான், கூடினால் புளிக்குழம்பு ஆகிவிடும். மாட்டிறைச்சிக்குப் புளி பொருந்துமா என்று சந்தேகப்படுகிறவர்கள் வூஸ்டர் சாஸ் போத்தலின் பின்பக்கம் படித்துப் பாருங்கள், அதிலும் புளி இருக்கிறது.


தேம்ஸ்கரை, டிசம்பர் 10

காயல்நிலா, இதை இந்த வருஷம் கட்டாயம் செய்து பார்க்கிறேன். அண்ணன் சொன்ன எலும்புச் சாற்றையும் என் கிரேவியில் ஸ்டாக்குக்குப் பதிலாக ஊற்றப் போகிறேன்.

செண்பகத்தின் இரண்டாவது கேள்வியை யாரும் தொடவில்லையே? வீட்டில் பெரியவர்கள் பயப்படுவது அந்தச் சிவப்புத் தண்ணீரை ரத்தம் என்று நினைத்து. அது ரத்தமில்லை. ரத்தம் அறுக்கும்போதே பெரும்பாலும் வடிந்துவிடும். இது தசைக்குள் இருக்கும் மயோகுளோபின் என்ற புரதம் கலந்த நீர். 60 செல்சியஸ் பக்கம் போனதும் அது நிறம் மாறத் தொடங்கும். இதைச் சொல்லிப் புரியவைக்கலாம், ஆனால் எங்கள் அம்மாவிடம் பலிக்கவில்லை.


இரும்புச்சட்டி, டிசம்பர் 10

பலிக்காவிட்டால் வற்புறுத்த வேண்டாம். ரெஸ்டோரண்டில் ஒரே ரோஸ்டில் எட்டுப் பேருக்கு எட்டு விதமாகக் கொடுக்க வழி இருக்கிறது. ஜூவில் ஒரு பங்கை, வெண்ணெய் போடுவதற்கு முன், தனியாக ஒரு அகலச் சட்டியில் எடுத்து மெல்லக் கொதிக்க வையுங்கள். பெரியவர்களுக்கான துண்டுகளை மெல்லியதாக வெட்டி அதில் போட்டு, ஒன்றிரண்டு நிமிடத்தில் எடுத்தால் சிவப்பு முழுவதும் போய்விடும், துண்டும் காயாது. இரண்டு முனைத் துண்டுகளும் எப்படியும் கூட வெந்திருக்கும், அவற்றையும் அவர்களுக்கு வைக்கலாம்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். கனடா சுகாதாரத் துறை மீடியம் ரேர் (நடுவில் சிவப்பாக எடுப்பது) என்பதற்கே 63 செல்சியஸ் என்றுதான் சொல்கிறது. ரெஸ்டோரண்டிலும் வீட்டிலும் நாங்கள் அதற்குக் கீழே எடுத்தோம், முழுத் துண்டில் கிருமி பெரும்பாலும் வெளிப்புறத்தில்தான் இருக்கும் என்ற கணக்கில். ஆனால் ஊசி குத்தி மென்மையாக்கிய இறைச்சிக்கு அந்தக் கணக்குச் செல்லாது, வெளியே இருந்த கிருமியை ஊசி உள்ளே தள்ளிவிடும். 2012-ல் ஆல்பர்ட்டாவில் ஈகோலை கிருமியால் மாட்டிறைச்சி பெரிய அளவில் திரும்பப் பெறப்பட்டது நினைவிருக்கும். 2014 முதல் இப்படிக் குத்திய இறைச்சியின் பொதியில் அதைக் கட்டாயம் எழுத வேண்டும். வாங்கும்போது வாசியுங்கள். குத்தியதாக இருந்தால் 63-க்குக் கீழே எடுக்காதீர்கள். கர்ப்பிணிகள், சின்னப் பிள்ளைகள், நோயாளிகள் வீட்டில் இருந்தால் எந்த இறைச்சியானாலும் அவர்கள் பங்கை நன்றாகவே வேகவையுங்கள்.


குமரிக்காரி (மெல்பர்ன்), டிசம்பர் 12

பிரைம் ரிப் வாங்க வசதி இல்லாதவர்கள் என்ன செய்வது? நான் ஐ ஆஃப் ரவுண்ட் (பின்தொடைத் துண்டு) எடுக்கலாம் என்று பார்க்கிறேன்.


இரும்புச்சட்டி, டிசம்பர் 12

தாராளமாக. கொழுப்புக் குறைந்த தசை, அதனால் இன்னும் மெதுவாக, 110 செல்சியஸில். நடுவில் 54-க்கு மேல் விடாதீர்கள், நாருக்குக் குறுக்கே தாள் மாதிரி வெட்டுங்கள். இதற்குத்தான் அந்தச் சாஸ் இன்னும் அவசியம். சக் ரோஸ்ட் (தோள்பட்டைத் துண்டு) கிடைத்தால் கதையே வேறு: அதை மூடிய சட்டியில் திரவம் ஊற்றி மூன்று, நாலு மணி நேரம் வேகவிட வேண்டும், சாஸ் அதிலேயே உண்டாகும்.


செண்பகம், டிசம்பர் 26

எல்லோருக்கும் நன்றி. நேற்று நடந்ததை விவரமாக எழுதுகிறேன்.

சாஸை 23-ஆம் தேதி இரவே தொடங்கினேன். மாட்டு வால் கிடைத்தது. முதல் தொகுதியைப் போட்டுவிட்டுப் புரட்டாமல் நிற்பதுதான் பெரிய பாடு, கை தானாகக் கரண்டியைத் தேடியது. ஏழாவது நிமிடத்தில் ஒரு துண்டை இடுக்கியால் தொட்டேன், அசையவில்லை. பத்தாவது நிமிடத்தில் தொட்டதும் கழன்று வந்தது, அடியில் பேரீச்சம்பழ நிறம். அப்போதுதான் அண்ணா சொன்னது புரிந்தது. வைன் ஊற்றியதும் சட்டியின் அடி ஒரே சுரண்டலில் சுத்தமாகி, எல்லாம் திரவத்துக்குள் போய்விட்டது.

24 காலையில் ஃபிரிட்ஜைத் திறந்து கிண்ணத்தைச் சாய்த்துப் பார்த்தேன். உள்ளே இருந்தது ஊற்றவில்லை, ஆடியது. மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

ரோஸ்டில் ஒரு தடங்கல் வந்தது. தெர்மாமீட்டர் ஊசி எலும்பில் முட்டிக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. இரண்டரை மணி நேரத்திலேயே 122 காட்டியது. இவ்வளவு சீக்கிரம் ஆகாதே என்று ஊசியை எடுத்து, நடுச் சதையில் வேறு கோணத்தில் குத்தினால் 104 (40 செல்சியஸ்). திரும்ப உள்ளே வைத்தேன். மொத்தம் மூன்று மணி நாற்பது நிமிடம் எடுத்தது. அந்த ஒரு சந்தேகம் வராமல் போயிருந்தால் பச்சையாக வெட்டியிருப்பேன்.

மாமா மாமிக்கு வெண்ணெய் போடாத சாற்றில் துண்டுகளை முக்கி எடுத்துக் கொடுத்தேன். மாமி தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சாப்பிடத் தொடங்கினா. பிறகு உருளைக்கிழங்கு மசியலில் குழி தோண்டி, சாஸை இன்னும் ஒரு கரண்டி விடச் சொன்னா. இரண்டு கப் சாஸும் முடிந்தது. கடைசியாக என் தம்பி பாண் துண்டால் கிண்ணத்தை வழித்தான்.

கேள்வி ஒன்று: வடிகட்டிய வாலில் இன்னும் நிறையச் சதை இருக்கிறது, ருசி போய்விட்டதா? ரோஸ்டின் மூன்று விலா எலும்புகளும் மிச்சம் இருக்கின்றன.


இரும்புச்சட்டி, டிசம்பர் 26

ஊசியைச் சந்தேகப்பட்டீர்களே தங்கச்சி, நல்ல காரியம் செய்தீர்கள். எலும்பில் முட்டினால் எப்போதும் பிழையாகத்தான் காட்டும்.

வால் சதையில் சாரம் பெரும்பாலும் சாற்றுக்குள் போயிருக்கும், ஆனால் எறிய வேண்டாம். பிய்த்தெடுத்து, வெங்காயம் பச்சை மிளகாயோடு பிரட்டி ரொட்டிக்குள் வைக்கலாம். விலா எலும்புகளில் கடுகுப் பேஸ்ட் தடவி, 230 செல்சியஸில் பதினைந்து நிமிடம் வைத்துக் கடித்துச் சாப்பிடுங்கள். அதற்குப் பிறகு அந்த எலும்பும் பார்லியும் மிளகும் போட்டுச் சூப்.


செண்பகம், டிசம்பர் 26

விலா எலும்பை ஓவனில் வைத்துவிட்டேன். சூப்புக்கு பார்லி ஊறுகிறது.